அணையில் தண்ணீர் நன்றாக இருக்கிறது

என் ராசா,

நீ எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். கோயில் வகுப்பில் வாத்தியாரை நீ படுத்திய பாடு எனக்கு மறக்கவில்லை. இருந்தாலும் தமிழில்தான் எழுதுகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, சொல்கிறேன், அவசரப்படாதே. உனக்கு எதிலும் அவசரம். மீன் இரையை முகர்ந்து பார்த்ததுமே வெடுக்கென்று இழுத்துவிட்டு எத்தனை தடவை வெறும் கொக்கியோடு முழித்துக்கொண்டு நின்றிருக்கிறாய்! இந்தக் கடிதத்தையாவது கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படி. புரியாத வார்த்தை வந்தால் வாய்விட்டுப் படித்துப் பார். கண்ணுக்குப் புரியாதது உன் காதுக்குப் புரிந்துவிடும். நம் தெருவில் சட்டை தைக்கிற மா தீ சரக்கு எடுக்க பாங்காக் வருகிறாள், அவள் கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே, நானே மீனை இடித்துப் புளிக்கவைத்த ஞாப்பியில் ஒரு டப்பா குழம்பும் இருக்கும். அதைக் கூட இருப்பவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு நீ விரலைச் சூப்பிக்கொண்டு உட்காராதே.

நம் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பசுந்தாங் ஆற்றங்கரையில் அதே தூண்டில் கடைதான், அதே ஒழுகுகிற தகரம்தான். காலையில் ஒரு மழை பெய்து விட்டிருக்கிறது. கரண்ட் இல்லை. உன் அப்பா பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கவாதம் வந்த பிறகு வலது கை அவர் பேச்சைக் கேட்பதில்லை, மடியில் சும்மா கிடக்கிறது. வாயும் பாதிதான் கேட்கிறது. இடது கையில் மட்டும் போனை விடாமல் பிடித்திருக்கிறார். நீ கூப்பிட்டால் முதலில் அவர்தான் எடுக்க வேண்டுமாம். "எழுது, எழுது. தண்ணி நெலவரம் முழுசா எழுது," என்று திக்கித் திக்கி என்னைப் போட்டு அரித்துக்கொண்டிருக்கிறார். நான் உன்னை வரச் சொல்லி எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம். அவருக்குத் தமிழ் பேச வரும், நாம் பேசினால் ஒன்றுவிடாமல் புரியும், ஆனால் ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. பர்மிய அப்பாவுக்குப் பிறந்து பர்மியப் பள்ளிக்கூடத்தில் படித்த மனுஷன், என்னைக் கட்டிக்கொண்ட பிறகு என் வீட்டாரிடம் கற்றுக்கொண்ட தமிழ் அது. போனில் பேசினால் அவர் காதில் விழும். பர்மியத்தில் எழுதினால் அவர் கண்ணில் படும். தமிழில் எழுதினால்தான் எனக்கும் உனக்கும் நடுவே இருக்கும். கட்டிய புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஏமாற்றுகிறேன். என் விதியைப் பார்.

போன வாரம் நீ கூப்பிட்டபோது நடந்தது நினைவிருக்கும். "தண்ணி நல்லா இருக்கு. வா," என்றார். நோயில் விழுந்த பிறகு அவர் திக்காமல் சொன்ன பேச்சு அது ஒன்றுதான். நீ அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது. "அபே, பெரிய மழை விழுந்ததும் வந்துர்றேன். ரெண்டு பேரும் அணைக்குப் போவோம்," என்றாய். நான் போனைப் பிடுங்கி, "அணையில ஏதுடா தண்ணி? சேறுதான் கெடக்கு. மீனாவது ஒண்ணாவது!" என்று கத்தினேன். நீ சிரித்தாய். "பொய் சொல்ல ஒனக்கு வராதும்மா, நேத்துதான் அணையில மீன் புடிச்ச போட்டோ பாத்தேன்," என்றாய். சிரித்ததோடு சரி, வருவதில்லை என்று சொல்லவில்லை. உன் அப்பா அன்றைக்கு முழுவதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வைத்த சோற்றையும் தொடவில்லை. அதனால் இந்தத் தடவை தண்ணீரைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

வெயில் காலத்தில் ஙமோயே அணை ரொம்பவும் இறங்கிப்போனது. நீங்கள் படகு கட்டுகிற மொட்டை மரத்துக்கும் அப்பால் தரை வெடித்துக் கிடந்ததாம். அந்த வெடிப்பில் புல் முளைத்து இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. மழை இந்த வருஷம் கொட்டித் தீர்க்கவில்லை, நல்ல மருமகள் போல மெல்ல மெல்லத்தான் உள்ளே வந்தது. அதனால் தண்ணீர் கலங்காமல் ஏறி, புல் அப்படியே நின்றபடி நனைந்திருக்கிறது. ("புல்லு எழுதினியா? புல்லு முக்கியம்," என்கிறார். எழுதிவிட்டேன், ஐயா.) பசியோடு ஆழத்தில் கிடந்த விரால் எல்லாம் இப்போது அந்தப் புல்லுக்குள் வந்துவிட்டன. தண்ணீர் பால் குறைத்துப் போட்ட தேநீர் நிறத்தில் இருக்கிறது. வெயில் ஏறும் வரைக்கும் காற்று இல்லை, பிறகு தென்மேற்கிலிருந்து அடிக்க ஆரம்பித்ததும் மீன் வாயை மூடிக்கொள்கிறது. சின்னத் தவளைதான் இரை. புல் ஓரத்தில் போட்டு, தத்தித் தத்தி இழுத்தால் வெடி போட்டதுபோல் அடிக்கிறதாம். லோகா ஏரி தெளிந்து இருக்கிறது, ஆனால் அங்கே கெண்டையைத் தவிர சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நம் ஆற்றில் உப்பு இறங்கிவிட்டது. மழைத் தண்ணீர் கடல் தண்ணீரைக் கீழே தள்ளிவிட்டது. ஆகாயத்தாமரை திட்டுத் திட்டாக மிதந்து வருகிறது. ஏற்றம் நின்று வற்றம் தொடங்குகிற நேரத்தில் தாகேதா பாலத்துக்குக் கீழே உயிர் இறால் போட்டால் கொடுவா எடுக்கிறது. நீ ககடித் என்பாயே, அதுதான். எல்லாரும் சொல்கிறார்கள், இப்படி ஒரு தண்ணீரைப் பல வருஷமாகப் பார்த்ததில்லை என்று.

அந்த 'எல்லாரும்' யார் என்று உனக்குச் சொல்ல வேண்டும். எல்லாரும் கிழவர்கள். முன்னெல்லாம் சனிக்கிழமை விடிந்தால் நம் கடை வாசலில் உங்கள் கூட்டம் என்னை அக்கா முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டு எப்படி நிற்கும்! "மமா, தவளை இருக்கா? மமா, அந்தச் சின்னக் கொக்கி எடுங்க. மமா, லைன் கார் கெளம்புது, சீக்கிரம்!" நான் ஆளுக்கொரு திட்டுத் திட்டிக்கொண்டே ஈரத்துணிப் பையில் தவளையைப் போட்டுக் கட்டுவேன். நீ கல்லாவுக்குப் பின்னால் நின்று சிநேகிதர்களுக்கு மட்டும் பெரிய தவளையாகப் பொறுக்கிக் கொடுப்பாய், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. இப்போது அணைக்குப் போகிற லைன் கார் வண்டி முக்கால்வாசி காலியாகத்தான் போகிறது. பையன்களில் பாதிப் பேர் உன்னைப் போல எல்லை தாண்டிவிட்டார்கள். சிலர் பட்டாளத்தை எதிர்த்துக் காட்டுக்குள் போனார்கள். சிலரைப் பட்டாளத்துக்காரர்கள் கூட்டிக்கொண்டு போய்ச் சட்டை மாட்டித் துப்பாக்கி கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இருக்கிற ஒன்றிரண்டு பேர் பொழுது சாய்ந்தால் வெளியே தலை காட்டுவதில்லை. நான் பிடித்து வைத்த தவளை விற்காமல் பைக்குள் கிடந்து கத்துகிறது. கேட்கச் சகிக்காமல் சாயந்திரம் கடைக்குப் பின்னால் கொண்டுபோய்த் திறந்து விடுகிறேன். அணையில் மீன் பெருத்துப்போனது மழையால் மட்டும் இல்லை, ராசா. பிடிக்க ஆள் இல்லை. உனக்கு அந்தப் போட்டோவில் மீன் தெரிந்தது. அதைத் தூக்கிப் பிடித்திருந்தவருக்கு வயது என்ன என்று நீ பார்க்கவில்லை.

உன் அப்பா உன்னை முதன்முதலாக அணைக்குக் கூட்டிப்போன நாளை நினைத்துக்கொள்கிறேன். நானும் வந்திருந்தேன், உங்கள் இருவருக்கும் சோறு கட்டிக்கொண்டு. நீ தவளையைக் கொக்கியில் கோக்க விட மாட்டேன் என்று அழுது ஊரைக் கூட்டினாய். அவர் கோபப்படவில்லை. தவளையை உன் கையில் கொடுத்து, "சரி, இது ஒன்னோடது. வேற எரை போடுவோம்," என்று மண்புழுவைத் தோண்டினார். அப்புறம் ஓர் இடத்தில் தண்ணீர் செம்மண் கொதிப்பது போல் குமிழ்விட்டது. எட்டிப் பார்த்தால் விரால் குஞ்சுகள், சிவப்புச் சிவப்பாக, ஒரு கூட்டமாக மூச்சு வாங்க மேலே வந்திருக்கின்றன. பக்கத்துப் படகுக்காரன் அந்தக் குஞ்சுகளுக்கு நடுவே தூண்டிலை வீசினான். தாய் விரால் கீழே இருந்து எழும்பி அடித்தது. அதற்குப் பசி இல்லை, குஞ்சுக்குள் எது விழுந்தாலும் அது அடிக்கும். அவன் அதை இழுத்துப் படகில் போட்டுக்கொண்டு சிரித்தான். உன் அப்பா உன் பக்கம் திரும்பிச் சொன்னார், "நாம குஞ்சு மேல போடறதில்ல. எத்தனை பெரிய மீனா இருந்தாலும் சரி." நீ அன்றிலிருந்து அதை மீறியதில்லை என்று எனக்குத் தெரியும். வெறும் கையோடு வீட்டுக்கு வந்து என்னிடம் ஏச்சு வாங்கிய நாட்கள் எல்லாம் அந்த நாட்கள்தான். நான் ஏசியது வாயால்தான், உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேள். எதிரே ஐஸ் விற்கிற டோ சானை உனக்கு நன்றாகத் தெரியும். உன் மீனுக்குச் சும்மாவே ஐஸ் உடைத்துத் தருவாளே, அவள்தான். அவள் மகனும் உன் மாதிரி அந்தப் பக்கம்தான் இருந்தான். டோ சானுக்குக் கண் ஆபரேஷன் என்றதும் தாங்காமல் கிளம்பி வந்தான். அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை, திடீரென்று எதிரில் நின்று அசத்தலாம் என்று நினைத்திருக்கிறான். பஸ்ஸில் வருகிற வழியில் பட்டாளத்துக்காரர்கள் நிறுத்தி, வயதைக் கேட்டு, இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். கூட வந்த ஒரு பொம்பளை அவன் பையைக் கொண்டுவந்து டோ சான் கடையில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே அம்மாவுக்கென்று ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வைத்திருந்தான். டோ சான் அதைப் போட்டுக்கொண்டுதான் இப்போது ஐஸ் உடைக்கிறாள். ஆபரேஷன் ஆகிவிட்டது, கண்ணாடி தேவையில்லை என்று டாக்டர் சொல்லியும் கழற்றுவதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். கண் எப்போதும் வீங்கியிருக்கிறது. அவனைப் பற்றி இன்றுவரை ஒரு சேதி இல்லை. வார்டு ஆபீஸ் ஆள் ஒருவர் நம் கடைக்கும் வந்தார். வந்து உட்கார்ந்து லபேயே தேநீர் வாங்கிக் குடித்தார். உன் அப்பாவைப் பார்த்து, "ஐயோ பாவம், பையனைக் கூப்பிட்டுக்கக் கூடாதா? அப்பாவுக்கு ஒடம்பு முடியாதப்போ மகன் பக்கத்துல இருக்க வேணாமா? நான் பாத்துக்கறேன்," என்றார். அவ்வளவு இதமாகப் பேசினார். அதைக் கேட்டுவிட்டுத்தான் உன் அப்பா உன்னிடம் வா என்று சொன்னார். அந்த ஆள் நல்லவராகவே இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் அவர் பேசப் பேச நான் எதிரே டோ சானின் கறுப்புக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் சொல்கிறேன். வராதே. தண்ணீர் இப்படி இருக்கும்போது, உன் அப்பா இப்படி இருக்கும்போது, பெற்ற தாய் வராதே என்று சொல்கிறேன். உன்னைப் பார்க்க ஆசை இல்லை என்று நினைத்துவிடாதே. லைன் கார் வந்து நின்றால் யார் இறங்குகிறார்கள் என்று இப்போதும் கழுத்தை நீட்டிப் பார்க்கிற பைத்தியம் நான். உன் லுங்கியைத் துவைத்துத் துவைத்துச் சாயம் போய்விட்டது, யார் கட்டி அழுக்கானது என்று துவைக்கிறேனோ தெரியவில்லை. இருந்தும் வராதே. இந்த மழைக்கும் வேண்டாம், அடுத்த மழைக்கும் வேண்டாம். நானாக, போனில் இல்லாமல் என் கையெழுத்தில் வா என்று எழுதினால் ஒழிய வராதே.

இன்னொன்றும் எழுத வேண்டும். பேனா ஓட மாட்டேன் என்கிறது. உன் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டது என்று சேதி வந்தாலும் வராதே. யார் சொன்னாலும், நானே போனில் அழுதாலும் வராதே. டாக்டர் தேறிவிடுவார் என்றுதான் சொல்கிறார், ஆனால் இன்னொரு தடவை வந்தால் சொல்ல முடியாது என்கிறார். அந்த நேரத்தில் எனக்குப் புத்தி வேலை செய்யாது, உன்னைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவேன். அதனால்தான் புத்தி இருக்கும்போதே எழுதி வைக்கிறேன். கொள்ளி வைக்க மகன் இல்லையே என்று நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும். அந்த நாலு பேரா உன்னைப் பெற்றார்கள்? நானே முன்னால் நடந்து போவேன். நீ அங்கே குளித்துவிட்டு ஒரு விளக்கு ஏற்று. விளக்கு இல்லாவிட்டால் மெழுகுவத்தி. உன் அப்பா எதற்கும் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை.

நீ அங்கே பழகுகிற அந்தத் தவெய் ஊர்ப் பெண்ணைப் பற்றி. எனக்காகவும் உன் அப்பாவுக்காகவும் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறாய் என்று மா தீ சொன்னாள். தள்ளிப்போடாதே. இறால் உரிக்கிற கூடத்தில் நாளெல்லாம் ஐஸ் தண்ணீரில் கை விறைத்துப்போய் அறைக்கு வருகிறவனுக்கு, அந்தக் கையைப் பிடித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அவள் புத்தர் கோயிலுக்குக் கூப்பிட்டால் போ, நம் பிள்ளையாருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கல்யாணத்தன்று ஒரு படம் அனுப்பு. அவளை அதட்டிப் பேசாதே, உன் அப்பா என்னை ஒரு நாளும் அதட்டியதில்லை. அதட்டுவது எல்லாம் இந்த வீட்டில் நான்தான். மாதத்துக்கு ஒரு நாளாவது ஏதாவது ஒரு குளத்தில் தூண்டில் போடு. தண்ணீரைப் பார்க்காமல் இருந்தால் உனக்குக் கோபம் தலைக்கு ஏறும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். போனில் யாராவது அழுதால் உடனே இளகிவிடாதே. நீ இளகின மனசுக்காரன், அதுதான் எனக்கு வயிற்றில் நெருப்பு.

இந்த இடம்வரை எழுதியபோது உன் அப்பா, "படி, கேக்கறேன்," என்றார். முதலில் தண்ணீர் நிலவரம் எழுதின பகுதியைப் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். புல் வந்த இடத்தில் தலையை ஆட்டினார். கொடுவா வந்த இடத்தில், "உயிர் எறால், உயிர் எறால், செத்தது எடுக்காது," என்றார். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"அப்பறம்?" என்றார்.

"அப்பறம் என்ன, ஒடம்பப் பாத்துக்கன்னு எழுதியிருக்கேன். அந்தப் பொண்ணப் பத்தி எழுதியிருக்கேன்."

"வான்னு எழுதினியா?"

காகிதத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். "எழுதிட்டேன். ராசா, அப்பா ஒன்னப் பாக்கணும்ங்கறாரு, வந்துட்டுப் போன்னு எழுதிட்டேன்," என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது என்று சொன்னாயே, வந்துவிட்டது பார்.

அவர் போனை மடியில் வைத்துவிட்டு இடது கையை நீட்டினார். பேனா வேண்டுமாம். நான் காகிதத்தை மேஜை மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் எழுதுகிற குழந்தை போல, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்தப் பழக்கமில்லாத கையால் எழுதினார். இரண்டே வார்த்தை எழுதி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. பர்மியத்தில் எழுதியிருப்பதால் அதை நீ எழுத்துக் கூட்டாமல் படித்துவிடுவாய். இந்தக் காகிதத்தின் அடியில், கோணல்மாணலாக இருக்கிறது பார். மகனே, வா.

அந்தப் பகுதியை மட்டும் கத்தரித்துவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். அவர் உயிரைக் கொடுத்து எழுதியது, எனக்கு மனசு வரவில்லை. அவர் எழுதியதை நீ பத்திரமாக வைத்துக்கொள். நான் எழுதியபடி செய்.

அம்மா